சுக்கானில் வெடிப்பு: பட்டி வைத்து மூடினால் போதுமா?

கேள்வி, 16 மார்ச் 2024

போர்ட் கிள்ளானில் 20 அடிப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். சுக்கானின் முன்விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. எப்பாக்சி பட்டி வைத்து இழுத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் ஹார்ட்வேர் கடைக்காரர். போதும் என்றுதான் எனக்கும் படுகிறது. செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பதில், 17 மார்ச் 2024

போதாது தம்பி. அவசரப்பட்டுப் பட்டி வைக்காதீர்கள்.

என் படகு 22 அடி, ஃபைபர், பினாங்கில் பத்து மாவுங் பக்கம் நிற்கிறது. நான் வாங்கும்போதே சுக்கானில் இதே இடத்தில் ஒரு பழைய ஒட்டு இருந்தது. எங்கோ ஒரு பட்டறையில் பட்டி வைத்து, தேய்த்து, நீலப் பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. போன மாதம் அமான் தீவிலிருந்து திரும்பும்போது, இரண்டாம் பாலத்துக்குக் கீழே நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதிய இடத்தில் சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லர் கையில் நடுங்க ஆரம்பித்தது. டில்லரை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் படகு திரும்பவில்லை, அப்புறம் திடீரென்று திரும்பியது. சுக்கானின் தண்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பாயைத் தளர்த்தினால் படகின் முனை காற்றைவிட்டு விலகும், முன்பாயைத் தளர்த்தினால் காற்றை நோக்கித் திரும்பும். பாதி டில்லரை நம்பி, பாதி பாயை நம்பி அப்படித்தான் கரை வந்து சேர்ந்தேன்.

இப்போது படகு கரையில் இருக்கிறது, சுக்கானைக் கழற்றப் போகிறேன். பழைய பட்டிக்கு மேலேயே வெடிப்பு மறுபடி ஓடியிருக்கிறது. அதன் வழியாகத்தான் வருஷக்கணக்கில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஃபைபர் சுக்கான் என்பது இரண்டு ஓடுகள், நடுவில் ஃபோம், அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு, தண்டில் வெல்டு வைத்த சில பட்டைகள். வெளியே கோடாகத் தெரிவதை மூடிவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரையும் சேர்த்து மூடியதாகிவிடும்.

17 மார்ச், இரவு

சொல்ல விட்டது ஒன்று. முதலில் தட்டிப் பாருங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியோ 50 சென் காசோ போதும். நல்ல இடத்தில் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஓடு ஃபோமைவிட்டுப் பிரிந்த இடத்தில் காய்ந்த சுரைக்காயைத் தட்டுவதுபோல் மந்தமாக இருக்கும். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். ஓரத்தில் எங்காவது பழுப்பாகத் துரு வழிந்த தடம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

23 மார்ச் 2024

கழற்றியாயிற்று. தண்டு நீளம் என்பதால் படகுக்கு அடியில் முழங்கால் ஆழம் குழி தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்துக் கொட்டகையில் மரப் படகு கட்டும் மலாய்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். நோன்பு மாதம், வாயில் பச்சைத் தண்ணீர் படாமல் வெயிலில் என்னோடு மண்வெட்டி பிடித்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

தண்டின் மேல்நுனி, அது சுழலும் வளையமான புஷ்ஷைவிட்டு வெளியே வரவே இல்லை, சுத்தியல் போட்டுத்தான் இறக்கினோம். பழைய புஷ் நைலான். நைலான் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், தண்டை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு வருஷமாக டில்லர் கனமாகவே இருந்தது, அதில் பாதிக் காரணம் இதுதான். புதிய புஷ்ஷுக்கு டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் உருளை சொல்லியிருக்கிறேன், அது அவ்வளவாக உப்பாது.

பாக்சிக் மீன் நிறுக்கும் தொங்குதராசைக் கொண்டுவந்தார். சுக்கானைக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தோம், 20.4 கிலோ. கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் தேதி போட்டு எழுதி வைத்தார்.

அடியில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். முதலில் ஒன்றும் வரவில்லை. சரி, ஒருவேளை உள்ளே காய்ந்துதான் இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அப்புறம் மேலேயும் ஒரு துளை போட்டதும் காற்று புகுந்தது, கீழே நூல் பிடித்ததுபோல் இறங்க ஆரம்பித்தது. தேநீர் நிறம், அழுகிய முட்டை நாற்றம். ஆகவே துளை போடுபவர்கள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போடுங்கள். ஒரே துளையை வைத்து ‘காய்ந்திருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள்.

24 மார்ச் 2024

இரவு முழுவதும் வாளியில் வடிந்தது 1.1 லிட்டர். தராசில் 19.2. துளை போட்டால் தானே காய்ந்துவிடும், ஒரு மாதம் நிழலில் நிறுத்தி வைப்பேன். ஓடுகளைப் பிளக்க வேண்டி வராது என்று நினைக்கிறேன்.

9 ஏப்ரல் 2024

மேலே எழுதியது தவறு. கதவில் உள்ள கணக்கு இது: மார்ச் 24-ல் 19.2, 28-ல் 19.0, ஏப்ரல் 2-ல் 18.9, இன்றும் 18.9. பெருநாளுக்காக நாளை முதல் எல்லாம் மூடியிருக்கும் என்று கடைசியாக ஒருமுறை நிறுத்துப் பார்த்தோம், முள் அசையவில்லை. தேங்கி நின்ற தண்ணீர்தான் வடிந்திருக்கிறது, ஃபோமின் கண்ணுக்குள் போனது போகவே இல்லை. எட்டு மில்லிமீட்டர் துரப்பணத்தைவிட்டுக் கொஞ்சம் ஃபோமை எடுத்துப் பிழிந்தேன், விரல் நனைந்தது. பினாங்கின் காற்றிலேயே இவ்வளவு ஈரம் இருக்கும்போது இரண்டு துளை வழியாக எது காயும்?

தராசு இல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் துளைகளை அடைத்து எல்லாம் சரி என்றிருப்பேன். ஈரமானி வாங்க வேண்டுமா என்று தம்பி கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். ஒரே தராசில், ஒரே இடத்தில் கயிறு கட்டி, நாள்தோறும் வேண்டாம், நாலு நாளைக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எண் இறங்கிக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் வெளியேறுகிறது என்று அர்த்தம். எண் நின்றுவிட்டால், ஒன்று காய்ந்துவிட்டது, அல்லது வழி அடைத்துக்கொண்டது. எது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

14 ஏப்ரல் 2024

சித்திரைப் புத்தாண்டு. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, மாலையில் வெட்டினேன்.

ஓடு முழுவதையும் பிளக்கவில்லை. விளிம்பைச் சுற்றி நான்கு சென்டிமீட்டர் விட்டு, ஒரு பக்க ஓட்டை மட்டும் சாளரம்போல் வெட்டி எடுத்தேன். விளிம்பு அப்படியே இருந்தால்தான் சுக்கானின் வடிவம் கையைவிட்டுப் போகாது. இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட்டால் திரும்ப ஒட்டும்போது முறுக்கிக்கொள்ளும், முறுக்கிய சுக்கான் படகை எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும்.

மூடியைத் தூக்கியதும் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். தண்டிலிருந்து தள்ளி, பின்விளிம்புப் பக்கம் ஃபோம் இன்னும் வெளிர் மஞ்சளாக, உலர்ந்த ரஸ்க்போல் இருந்தது. தண்டை நெருங்க நெருங்கப் பழுப்பு, அப்புறம் கறுப்பு, தண்டை ஒட்டிய இடத்தில் கரண்டியால் அள்ளும்படி கூழ். மூன்று பட்டைகள் இருந்தன. மேல் பட்டை சுமார். நடுப் பட்டை ஓரங்களில் அரிக்கப்பட்டுப் பிஸ்கட்டைக் கடித்து வைத்ததுபோல் இருந்தது. கீழ்ப் பட்டையின் வெல்டு முழுவதும் விட்டு, பட்டை ஓட்டோடும் தண்டு தனியாகவும் நின்றன. டில்லர் ஒரு விரற்கடை சும்மா சுற்றியது இதனால்தான். காந்தம் வைத்தேன், நடுப் பட்டையும் கீழ்ப் பட்டையும் பட்டென்று பிடித்துக்கொண்டன. தண்டு ஸ்டெயின்லெஸ், இந்த இரண்டு பட்டைகளும் வெறும் இரும்பு. இரும்பையும் ஸ்டெயின்லெஸையும் சேர்த்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் இரும்புதான் முதலில் கரையும்.

14 ஏப்ரல், தூக்கம் வராமல்

முதல் நாள் நான் எழுதியதை மறுபடி படித்தேன். ‘அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது’ என்று அத்தனை உறுதியாக எழுதியிருக்கிறேன். இன்று கண்ணால் பார்த்தது வேறு. ஈரம் அதிகம் இருந்தது வெடிப்பின் பக்கத்தில் இல்லை, மேலே தண்டு சுக்கானுக்குள் நுழையும் கழுத்தில். கறுப்பு அங்கே தொடங்கித் தண்டு வழியே கீழே இறங்கியிருக்கிறது. உலோகமும் ஃபைபரும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை, டில்லரைத் திருப்பும்போதெல்லாம் தண்டு முறுக்கப்படுகிறது, காலப்போக்கில் கழுத்தில் மயிரிழை இடைவெளி விழுந்துவிடும். தண்ணீருக்கு அது போதும்.

அப்படியானால் முன்விளிம்பு வெடிப்பு? பட்டை விட்டதால் தண்டு உள்ளேயிருந்து ஓட்டை நெம்பியிருக்கிறது, இரண்டு ஓடுகள் சேரும் தையல் அங்கே திறந்துகொண்டது. தண்ணீர் கழுத்து வழியாக வந்தது, வெடிப்பு அதனால் வந்த விளைவு. பட்டறைக்காரர்கள் விளைவை மட்டும் பூசி அனுப்பியிருக்கிறார்கள். முதல் நாள் நானும் விளைவைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தேன். இதைத் திருத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, மணி இரண்டானாலும் எழுதுகிறேன்.

16 ஏப்ரல் 2024

ஒருவர் கேட்டிருக்கிறார்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்றுதானே பெயர், தண்டை எதற்குச் சோதிக்க வேண்டும்?

ஸ்டெயின்லெஸைக் காப்பது அதன் மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தால் காற்றில் உள்ள ஆக்சிஜனை வைத்து அது தன்னைத்தானே மூடிக்கொள்ளும். தண்ணீர் நகராமல் தேங்கி நிற்கும் இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், படலம் திரும்ப உருவாகாது, உப்பு புகுந்து குழி குழியாகத் தின்னும். வெளியே பளபளப்பாக நின்ற தண்டு, சுக்கானுக்குள் மறைந்த பத்து சென்டிமீட்டரில் ஒடியும். 316 வகையில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 304-ஐவிடத் தாங்கும், ஆனால் அதுவும் இடுக்குக்குத் தப்பாது.

தண்டைத் துடைத்துச் சிவப்புச் சாயம் அடித்துச் சோதித்தோம். சாயத்தைப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். மேல் வெல்டின் அடியில் ஒரு கோடு மெல்ல எழுந்து வந்தது, நகக்கண் அளவு. தண்டின் உடம்பில் ஒன்றும் இல்லை. நல்லவேளை, 32 மில்லிமீட்டர் தண்டு புதிதாக வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

28 ஏப்ரல் 2024

பழைய பட்டைகளை வெட்டி எறிந்துவிட்டு 5 மில்லிமீட்டர் 316 தகட்டில் புதிதாக மூன்று வைத்தாயிற்று. வெல்டர் ஆர்கான் வாயுவில் டிக் வெல்டு வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு பட்டையிலும் விரல் நுழையும் துளைகள் போடச் சொன்னேன், எப்பாக்சிக் குழம்பு துளைக்குள் புகுந்து மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். வெறும் ஒட்டலை நம்பியிருக்க வேண்டாம்.

பாதி ஃபோம் நன்றாகத்தானே இருக்கிறது, அதை விட்டுவைக்கலாமே என்று நினைத்தேன். மஞ்சளாக இருந்ததில் ஒரு துண்டை வெட்டி வெயிலில் வைத்து முன்னும் பின்னும் நிறுத்தேன், அதுவும் இளைத்தது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டேன். ஓட்டின் உட்புறத்தைத் தேய்த்து, மின்விசிறி வைத்து ஒரு வாரம் காயவிட்டேன். பாக்சிக் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘சரி’ என்றார். மரப் படகில் பலகை இடுக்குகளைக் குங்கிலியமும் மரப்பட்டை நாரும் வைத்து அடைத்துக் கலப்பற்று அடிப்பவர் அவர். ஃபைபரை அவர் தொட்டதே இல்லை, ஆனால் ஈரத்தை மூடக்கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் ஒரே கருத்து. என் தாத்தா ஜார்ஜ் டவுனில் தொங்கான் என்ற சரக்குப் படகில் சுக்கான் பிடித்தவர். அவர் இருந்திருந்தால் இந்த இரண்டு பேரையும் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

ஃபோமுக்கு ஊற்றி உப்பும் வகையைப் பலர் சொல்கிறார்கள். கொஞ்சம் அதிகமானால் ஓட்டைப் புடைக்க வைத்துவிடும், வடிவம் போய்விடும். நான் கெட்டியான பிவிசி ஃபோம் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி, தண்டைச் சுற்றி அடைத்து, இடைவெளியை எப்பாக்சிக் குழம்பால் நிரப்பப் போகிறேன்.

4 மே 2024

எப்பாக்சி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், நம் ஊர்ச் சூட்டில் எல்லாருக்கும் இங்கேதான் அடி விழுகிறது.

டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் குளிர்நாட்டு நேரம். வெஸ்ட் சிஸ்டம் எப்பாக்சியில், அதை இறுக வைக்கக் கலக்கும் 206 ஹார்ட்னரின் வேலைநேரம் 22 பாகை செல்சியஸில் 20 முதல் 25 நிமிஷம். பத்துப் பாகை ஏறினால் நேரம் ஏறக்குறைய பாதியாகும். நம் கொட்டகையில் மதியம் 33 இருக்கும். தூரிகையைத் தோய்ப்பதற்குள் கிண்ணம் சூடாகிவிடும். நேற்று 300 கிராம் கலந்து ஆழமான கிண்ணத்திலேயே வைத்துவிட்டுத் துணியைத் தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் புகை, கிண்ணம் உருகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும், சூடு ஓரிடத்தில் சேராது. வெப்பநாட்டுக்கு 209 என்று ஒன்று வருகிறது, 22 பாகையில் 40 முதல் 50 நிமிஷம் தரும். நான் அதற்கு மாறிவிட்டேன்.

வேலையைச் சாயங்காலம் தொடங்குங்கள். காலையில் தொடங்கினால் பகல் ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து, இழைத்துணியின் அடியில் கொப்புளம் கொப்புளமாக வரும். வெயில் இறங்கும் நேரத்தில் உள்ளே காற்று சுருங்கும், எப்பாக்சியை உள்ளே இழுக்கும்.

கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஹார்ட்னரால் ஒருமுறை உடம்பில் ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் வாழ்நாள் முழுவதும் பக்கத்தில் போனாலே தோல் தடிக்கும். என் மகள் உதவிக்கு வந்தாள், நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டால்தான் விடுவேன் என்று நிறுத்தினேன். ஃபைபர் தேய்க்கும்போது முகமூடி, முழுக்கைச் சட்டை, முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியல். சுடுதண்ணீர் ஊற்றினால் அரிப்பு போகாது, ஏறும்.

5 மே 2024

தம்பிக்குத் தனியாக: ரெசினையும் ஹார்ட்னரையும் கலக்கும் விகிதம் 206 ஐந்துக்கு ஒன்று, 209 மூன்றுக்கு ஒன்று என்று பதில் போட்டிருந்தேன் அல்லவா, அது கொள்ளளவுக் கணக்கு, பம்ப்பில் அளப்பதற்கு. தராசில் நிறுப்பதாக இருந்தால் 209 மூன்றுக்கு ஒன்று வராது, மூன்றரையை ஒட்டி வரும். டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து நிறுத்துக்கொள்ளுங்கள். விகிதம் தப்பினால் சீக்கிரம் காயும், மெதுவாகக் காயும் என்பதெல்லாம் இல்லை, காயவே காயாது. பிசுபிசுப்பாகவே நிற்கும், எல்லாவற்றையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

12 மே 2024

மூடியைத் திரும்பப் பொருத்தியாயிற்று. வெட்டிய கோட்டின் இரு பக்கமும் ஓட்டைச் சரிவாகத் தேய்த்தேன். இங்கே முதலில் எட்டுக்கு ஒன்று போதும் என்று மகளிடம் சொல்லி, அப்படியே கோடும் போட்டுவிட்டேன். இரவு யோசித்தேன். சுக்கான்மேல் வரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும். 4 நாட் (மணிக்கு 4 கடல்மைல்) வேகத்தில் போகிற படகு 6 நாட் வேகத்தில் போனால் விசை இரண்டேகால் மடங்கு. இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கோட்டை அழித்துப் பன்னிரண்டுக்கு ஒன்று போட்டேன். ஓடு 4 மில்லிமீட்டர், சரிவு 48 மில்லிமீட்டர். உப்புத்தாள் கூடுதலாகத் தேய்ந்தது, அவ்வளவுதான்.

இழைத்துணியில் அகலமானதை முதலில், சிறியதைக் கடைசியில் வைத்தேன். பிறகு மேலே தேய்க்கும்போது சிறியதுதான் தேயும், முழு அகலத்துக்குப் போகும் இழை அடியில் பத்திரமாக இருக்கும். துணி வாங்கும்போது வெட்டு இழைப் பாய் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்சியில் அது விறைப்பாக நின்று சரியாக ஊறாது.

முன்விளிம்பு வெடிப்பைப் பழைய பட்டியோடு சேர்த்துத் தோண்டி எடுத்தேன். ஒருவர் ஆசையாகப் பூசியது, பாளமாகப் பெயர்ந்து வந்தது. பட்டியின் அடியில் ஈரமான பெயிண்ட் இருந்தது, தேய்க்காமலே மேலே பூசியிருக்கிறார்கள்.

19 மே 2024

இரண்டாம் பூச்சு பெயர்ந்து வந்துவிட்டது. காரணம் தெரியும். ஈரக்காற்றில் எப்பாக்சி காயும்போது மேலே மெழுகுபோல் ஒரு படிவு வரும். நான் அசிட்டோன் ஊற்றித் துடைத்தேன். அசிட்டோனுக்கு அது போகாது, இன்னும் பரவும். அது தண்ணீரில் கரையும் பொருள். வெறும் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், அப்புறம் சுத்தமான துணி, அதற்கப்புறம்தான் உப்புத்தாள். முதலில் கழுவாமல் தேய்த்தால் மெழுகை உள்ளே தேய்த்துவிடுவோம்.

ஒரு வார வேலை போனது. மகள்தான் உட்கார்ந்து முழுவதையும் கழுவித் தேய்த்தாள்.

1 ஜூன் 2024

வடிவத்துக்குப் பட்டி பார்த்தோம். சுக்கானின் குறுக்குவெட்டுக்கு எல்லாரும் எடுக்கும் அளவு நாக்கா 0012 என்ற இறக்கை வடிவம்: அகலத்தில் 12 சதவீதம் கனம், அதிகக் கனம் முன்விளிம்பிலிருந்து 30 சதவீத தூரத்தில். என் சுக்கான் 36 சென்டிமீட்டர் அகலம், ஆகவே முன்னிருந்து 10.8-வது சென்டிமீட்டரில் 4.3 கனம் வரவேண்டும். அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி இரண்டு பக்கமும் வைத்து வைத்துப் பார்த்தோம். வலது பக்கம் 2 மில்லிமீட்டர் பள்ளம். பழைய படகுதானே, விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மகள் விடவில்லை.

பின்விளிம்பைக் கத்திபோல் கூராக்க ஆசை வரும். வேண்டாம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தட்டையாக, ஓரம் மழுங்காமல் வெட்டிவிடுங்கள். உருண்டையாக விட்டால் ஓடும்போது சுக்கான் முனகும்.

கழுத்தில் தண்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் பள்ளம் எடுத்து, எப்பாக்சி வைக்காமல் சிக்காஃபிளெக்ஸ் நிரப்பினேன். எப்பாக்சி கெட்டி, தண்டு விரிந்து சுருங்கும்போது மறுபடி மயிரிழை விடும். இது ரப்பர், கூடவே நகரும். ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் இதை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். இந்தத் தொடரில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

3 ஜூன் 2024

கிள்ளான் தம்பி எழுதியிருக்கிறார். சுக்கானைத் தட்டிப் பார்த்திருக்கிறார், எல்லா இடமும் கூர்மையான ஒலி. மேலே கீழே இரண்டு துளை போட்டு இரண்டு நாள் தொங்கவிட்டார், ஒரு சொட்டு இல்லை. வெளிவந்த ஃபோம் தூள் காய்ந்து மாவாக இருந்தது. டில்லரில் ஆட்டமும் இல்லை. வெடிப்பை மெல்லத் தோண்டினால் மேல்பூச்சான ஜெல்கோட்டோடு நின்றுவிட்டது, இழையைத் தொடவில்லை.

அப்படியானால் உங்கள் கடைக்காரர் சொன்னதுதான் சரி தம்பி. தோண்டி, கழுவி, காயவைத்து, எப்பாக்சி பட்டி வைத்து, பெயிண்ட் அடியுங்கள். துளைகளையும் அப்படியே அடைத்துவிடுங்கள். முதல் நாள் ‘போதாது’ என்று நான் வேகமாகச் சொன்னது என் சுக்கானை மனதில் வைத்துச் சொன்னது, உங்களுடையதைப் பார்த்துச் சொன்னதில்லை. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லியிருக்க வேண்டும். கழுத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன் 2024

அமாவாசை முடிந்து இரண்டாம் நாள், பெரிய ஏற்றம். அந்தத் தண்ணீரில் இறக்கினோம். ரீமாவ் தீவைச் சுற்றி வந்தோம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓரளவு பலமாகவே இருந்தது. டில்லரை இரண்டு விரலால் பிடித்து மகளே ஓட்டினாள். நான் பின்பக்கம் குனிந்து கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செலவு கேட்டவர்களுக்கு: எப்பாக்சி, துணி, ஃபோம், தகடு, வெல்டு, புஷ், பெயிண்ட் எல்லாம் சேர்த்து 1,900 ரிங்கிட் சொச்சம். அதில் கிண்ணத்தில் புகைந்ததும் பெயர்ந்துபோன பூச்சும் அடக்கம். பன்னிரண்டு வாரம். முதல் நாளே திறந்திருந்தால் எட்டு வாரத்தில் முடிந்திருக்கும்.

9 ஜூன் 2024

பாக்சிக்கிடம் தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இறக்குவதற்கு முன் கடைசியாக நிறுத்தபோது 16.1 கிலோ. கதவில் 20.4-இல் தொடங்கி வரிசையாக அவர் கையெழுத்து. மழைக்கு முதல் இரண்டு வரி ஏற்கெனவே மங்கிவிட்டது. சுண்ணாம்புக்கட்டி இந்த வருஷம் தாண்டாது என்று, டப்பாவின் அடியில் மீந்த, படகின் அடியில் பாசி பிடிக்காமல் பூசும் நீல ஆன்டிஃபவுலிங் பெயிண்டைத் தொட்டுக் கடைசி எண்ணையும் தேதியையும் மட்டும் கதவில் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன். அடுத்த முறை கழற்றும்போது இதே தராசில், இதே இடத்தில் கயிறு கட்டி நிறுத்து, அந்த எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.